மூன்றாம் வகுப்பு சமூக அறிவியல்: வரைபடம், திசை, உள்ளாட்சியை எப்படிப் புரிய வைப்பது?

வெள்ளைச்சுண்ணம் கேட்டது:

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒன்றியத் தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு. ஒன்று, இரண்டாம் வகுப்பில் சூழ்நிலையியலாகப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் தனிப் பாடமாக வருவது இங்கேதான். மூன்று இடத்தில் இடிக்கிறது.

பள்ளியின் வரைபடம் போடச் சொன்னால் வாசல், ஜன்னல், கொடிக்கம்பம் என்று முன்பக்கத்தை வரைகிறார்கள். வடக்கு எங்கே என்றால் கை கூரையைக் காட்டுகிறது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று வரிசையாக ஒப்பிக்கிறார்கள், நம் ஊர் எது என்றால் பதில் இல்லை. புரொஜெக்டர் கிடையாது. கையில் கிடைக்கிற பொருளை வைத்துச் செய்யக்கூடிய வழி சொல்லுங்கள்.

---

ஊரணிக்கரை பதில்:

டீச்சர், முன்பக்கத்தை வரைவது தவறில்லை. எட்டு வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்ததை வரைகிறது. மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை அது பார்த்ததே இல்லை. ஆகவே முதலில் மேலிருந்து பார்க்க வைக்க வேண்டும், பிறகுதான் பென்சில்.

நான்கு பேருக்கு ஒரு குழு. குழுவுக்கு ஏழெட்டுக் காலித் தீப்பெட்டி (உள்ளே குச்சி இல்லை என்று நீங்களே பார்த்துக் கொடுங்கள்), பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்று. தாளைத் தரையில் விரித்து, பெட்டிகளை வீடுகளாக அடுக்கி ஒரு தெரு அமைக்கட்டும். மேசையில் வைத்தால் பிள்ளைகளுக்குப் பக்கவாட்டுதான் தெரியும். தரையில் வைத்து, எழுந்து நின்று குனிந்து பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துவிடச் சொல்லுங்கள். தாளில் மிஞ்சும் கட்டங்கள்தான் வரைபடம். ஒரு பிள்ளை பெட்டியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பிள்ளை கோடு போடட்டும். பெட்டி நகர்ந்தால் கோடு இரண்டாகிவிடும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

நம் பகுதியில் இதற்கு ஓர் அருமையான உதாரணம் கண்ணெதிரே நிற்கிறது. பழைய செட்டிநாட்டு வீட்டை முகப்பிலிருந்து பார்த்து வரைந்தால் திண்ணையும் தூணும் தெரியும், நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்கும் வளவு வாசல் தெரியாது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வீடு நீண்டு கிடப்பதும் தெரியாது. நான்கு தீப்பெட்டியைச் சதுரமாக வைத்து நடுவில் இடம் விட்டுக் காட்டுங்கள். வரைபடம் எதற்கு என்ற கேள்விக்கு அதுவே பதில்.

அடுத்த நாள் வகுப்பறை. ஒரு மீட்டர் கயிறு எடுத்து, கணக்கு நோட்டில் ‘ஒரு கயிறு ஒரு கட்டம்’ என்று மட்டும் சொல்லுங்கள். அளவுத்திட்டம் என்ற சொல் இப்போது வேண்டாம். ஆறு கயிறு நீளம், ஆறு கயிறு அகலம் என்றால் ஆறுக்கு ஆறு கட்டம். பாதம் வைத்து அளக்க விடாதீர்கள். ஒவ்வொரு பாதமும் ஒவ்வொரு நீளம், விடை ஆளுக்கொன்றாக வந்து பாடம் திசை மாறிவிடும்.

---

நிழல்கோல் பதில்:

வடக்கு கூரையில் இருப்பதற்குக் காரணம் சுவரில் தொங்கும் வரைபடம். ‘மேலே வடக்கு’ என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மேலேதான் கை காட்டும். முதல் இரண்டு வாரம் எந்தப் படத்தையும் சுவரில் மாட்டாதீர்கள். தரையில் விரித்து, படத்தின் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். பிறகு மாட்டும்போது வடக்குச் சுவரில் மட்டும் மாட்டுங்கள். தரையில் கிடந்த தாளின் வடக்கு ஓரத்தைப் பிடித்து அப்படியே சுவரோடு நிமிர்த்துவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

நிஜ வடக்கைக் கண்டுபிடிப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு என்பது தோராயம்தான். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஜூன் கடைசியில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. ‘உச்சிவெயிலில் நிழல் வடக்கே விழும்’ என்பதும் இங்கே ஆண்டு முழுக்கப் பொருந்தாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழும். பள்ளி திறக்கும் ஜூனில் நிழலை நம்பி வடக்கைக் குறித்தால் நேர்மாறாகப் போய்விடும்.

எல்லா மாதத்துக்கும் பொருந்தும் வழி இது. சமதரையில் 50 செ.மீ. குச்சியை நடுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு, இல்லாவிட்டால் நூலில் கட்டிய கல், இதை வைத்துச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் மற்றதெல்லாம் வீண். காலை பத்தேகால் வாக்கில் நிழல் நுனியில் ஒரு புள்ளி. குச்சியின் அடியில் கயிற்றைப் பிடித்து அந்தப் புள்ளி வழியாக ஒரு வட்டம். பிற்பகல் ஒன்றரை மணியிலிருந்து ஒரு பிள்ளை காவல் இருக்கட்டும். இரண்டேகாலை ஒட்டி (மாதத்தைப் பொறுத்து அரை மணி நேரம் முன்பின் ஆகலாம்) நிழல் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும், அங்கே இரண்டாவது புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. காலைப் புள்ளி மேற்கு, பிற்பகல் புள்ளி கிழக்கு. கிழக்கைப் பார்த்து நின்றால் இடதுகைப் பக்கம் வடக்கு. அந்தக் கோட்டை முற்றத்தில் பெயிண்டால் நிரந்தரமாகப் போட்டுவிட்டால் ஆண்டு முழுக்க உதவும்.

---

வெள்ளைச்சுண்ணம்:

இரண்டு பேருக்கும் நன்றி. அடுத்து ‘என் தெரு’ வரைபடம் கொடுக்கலாமா?

---

ஊரணிக்கரை:

கொடுக்காதீர்கள் டீச்சர். இதை அழுத்தியே சொல்கிறேன். நம் ஊர்களில் தெருப் பெயர் சாதியைச் சொல்லிவிடும், வீட்டு அளவு வசதியைச் சொல்லிவிடும். எல்லாப் படத்தையும் சுவரில் ஒட்டினால் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்பது வகுப்புக்கே பாடமாகிவிடும். குடும்ப மரம் வரையச் சொல்வதும் அப்படித்தான். தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் பிள்ளை, பாட்டியிடம் வளரும் பிள்ளை, அந்தக் காலிக் கிளையை எப்படி நிரப்பும்?

எல்லாருக்கும் பொதுவான பாதையை எடுங்கள்: பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, அல்லது ஊரணி வரை. குறியீடு ஐந்து, ஆறு போதும்: பள்ளி, கோயில், ரேஷன் கடை, ஊரணி, கண்மாய், மரம். குறியீடு என்ன என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும், ஆனால் வகுப்பு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். ஊரணியையும் கண்மாயையும் ஒரே நீலத்தில் தீட்ட விடாதீர்கள். ஒன்று ஊர்ப் புழக்கத்துக்கு, மற்றது பாசனத்துக்கு. கண்மாய்க்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையும் மிகுதி நீர் வழியும் கலுங்கும் உண்டு, அவற்றையும் குறிக்கலாம். தண்ணீர் அருகே போகும்போது இன்னொரு பெரியவர் கூட வரட்டும், படித்துறையில் இறங்க வேண்டாம்.

---

பேருந்துச்சீட்டு பதில்:

உள்ளாட்சிக்கு நம் பகுதியைப் போல வசதியான இடம் வேறு இல்லை. நான்கு வகையும் சிறிது தூரத்துக்குள் இருக்கின்றன. ஆத்தங்குடி ஊராட்சி, கானாடுகாத்தான் பேரூராட்சி, தேவகோட்டை நகராட்சி, காரைக்குடி 2024 முதல் மாநகராட்சி. பழைய சார்ட்டில் காரைக்குடி நகராட்சி என்றுதான் இருக்கும், முதல் வேலையாக அதைத் திருத்துங்கள்.

வரையறையிலிருந்து தொடங்க வேண்டாம். ‘தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது?’ என்று கேளுங்கள். பிறகு குப்பை வண்டி, குடிநீர்த் தொட்டி, பெயர்ப்பலகை ஆகியவற்றில் எழுதியிருக்கும் உள்ளாட்சியின் பெயரைப் பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள். வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், அதில் பெயரும் தொகையும் இருக்கும். ஊராட்சி என்றால் கிராம சபையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இரண்டும் கிராம சபை நாட்கள், முதல் இரண்டு பருவத்தோடு ஒட்டி வரும். தெருவிளக்குக்காகப் பிள்ளைகள் எழுதும் நான்கு வரி மனுவை அங்கே உண்மையாகவே கொடுக்கலாம்.

---

வெள்ளைச்சுண்ணம்:

ஒரு சந்தேகம். மேகமூட்டமான நாளில் குச்சி நிழல் கிடைக்காதே, செல்போன் திசைகாட்டி போதுமா?

---

நிழல்கோல்:

போதும். இரும்பு பெஞ்சு, கொடிக்கம்பம், கம்பிக் கதவு ஆகியவற்றிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். காந்தம் வைத்த உறை இருந்தால் கழற்றிவிடுங்கள். பார்க்கும் முன் போனை எட்டு வடிவில் சில முறை சுழற்றி, முற்றத்தில் மூன்று இடத்தில் நின்று பாருங்கள். மூன்றும் ஒன்றாகக் காட்டினால் கோட்டைப் போடலாம். வெயில் வந்ததும் குச்சியை நட்டு, பிள்ளைகளை வைத்தே அதைச் சரிபாருங்கள்.