மறுமொழி: ஹெட்ரூம், கிளிப்பிங், நார்மலைஸ் – தமிழில் எப்படி?

> ஹெட்ரூம் = மேலிடம், கிளிப்பிங் = வெட்டுதல், நார்மலைஸ் = இயல்பாக்கம். இப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம். ஒலிப்பதிவு மென்பொருளின் தமிழாக்கத்தில் மேலிடம் மட்டும் வேண்டாங்க, "மேலிடம் போதவில்லை" என்று திரையில் வந்தால் நம் ஆட்களுக்கு டெல்லிதான் ஞாபகம் வரும். மேல்வெளி போதுமே. டிராக்கின் (ஒரு வாத்தியத்தின் தனிப்பதிவு) உச்சத்துக்கும் டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பான 0 டெசிபெல் கூரைக்கும் நடுவே விட்டுவைக்கும் இடம், அவ்வளவுதான். இன்னொருவர் சொன்ன "எஞ்சிடம்" காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் வீணாய்ப் போன இடம் என்ற தொனி வந்துவிடுகிறது. 24 பிட்டில் பதிந்தால் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 144 டெசிபெல் கையில் இருக்கும்போது மேலே 6 டெசிபெல் விட்டால் குடிமுழுகிப் போகாது.

கிளிப்பிங்குக்குத் தலைதட்டல். படியில் கோபுரமாக நிற்கும் அரிசியை வழித்துவிடுவது போலத்தான் அலையின் முகடு தட்டையாகிறது. மென்பொருளுக்குள் கணக்கு கூரையைத் தாண்டிய எண்ணையும் தாங்கும் மிதவைப் புள்ளியில் (floating point) ஓடுவதால் சிந்தசைசர் டிராக் +3 டெசிபெல் போய் சிவப்பு எரிந்தாலும் முகடு உயிரோடு இருக்கும், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினால் போதும். அதையே 24 பிட் வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் தலை போனது போனதுதான். 32 பிட் மிதவையில் எடுத்தால் தப்பும்.

இயல்பாக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. தம்புரா -24, வீணை -12, மிருதங்கம் -6 என்று உச்சங்கள் இருக்கின்றன, டிராக்குகளைத் தனித்தனியாக எடுக்கும்போது உச்சத்தைக் கூரைக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் போட்டால் மூன்றும் 0-வில் போய் நிற்கும், தம்புரா மட்டும் 24 டெசிபெல் ஏறிவிடும், மிக்ஸ் செய்பவர் கோப்புகளைத் திறந்தால் தம்புராவின் கச்சேரிக்கு மிருதங்கம் பக்கவாத்தியம்! இதில் எது இயல்பு? உச்சமேற்றல் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

---

> உச்சமேற்றல் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்

அண்ணா, ஏற்ற மட்டுமா செய்கிறது? மிதவையில் உச்சம் +3 இருந்தால் இறக்கவும் செய்யுமே. அப்புறம் ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போது உச்சத்தை வைத்தும் செய்யலாம், லவுட்னஸை (காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்பதை) வைத்தும் செய்யலாம். இரண்டுக்கும் ஒரே வேர் இருந்தால் நல்லது: உச்சச் சீராக்கம், உரப்புச் சீராக்கம். உரப்பு பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிற சொல்தான். லாஜிக் ப்ரோ மென்பொருளில் நார்மலைஸுக்குள் மூன்றாவதாக ஒன்று உண்டே, கூரையைத் தாண்டினால் மட்டும் இறக்கும், இல்லையென்றால் தொடாது, அதற்கு என்ன வைப்பது?

---

சீராக்கம் சரி, என்னுடையதை விட்டுவிடுகிறேன். அந்த மூன்றாவதற்கு "தலைதட்டாமல் மட்டும்" என்றே போடலாம், மெனுவில் இடமும் பிடிக்காது. ஆனால் தனித்தனி டிராக்காக எடுக்கும்போது இதையும் நம்பக் கூடாது, தாண்டிய டிராக் மட்டும் இறங்கினாலும் விகிதம் கெடும். அங்கே சீராக்கத்தை அணைத்துவிடுவதுதான் முறை, உதவிக்குறிப்பில் அதை ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மீட்டரில் வரும் பீக் மட்டும் பாக்கி. நான் மேலே அலைக்கு முகடு, மீட்டருக்கு உச்சம் என்று பிரித்து எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்பவர்கள் எழுதுங்கள்.