டிஸ்க் முழுவதையும் பேக்கப் எடுத்து, அப்படியே திருப்பி ஏற்ற வேண்டும், வழி சொல்லுங்கள்

கோத்தகிரி_கொழுந்து:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) எழுதுகிறேன். வீட்டில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது, விண்டோஸ் 10, 1 டிபி ஹார்டு டிஸ்க், அதில் 400 ஜிபிக்கு மேல் நிறைந்துவிட்டது. ஃபேக்டரிக்குப் பச்சை இலை போட்ட கணக்கு முழுவதையும் அப்பா அதில்தான் வைத்திருக்கிறார், எந்த வாரம் எத்தனை கிலோ, என்ன விலை, முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று எல்லாம். தங்கை கல்யாண வீடியோவும் அதில்தான். ஹெத்தை பண்டிகைக்குப் பாட்டி படுகப் பாட்டு பாடியதைப் பதிவு செய்தது அதில் மட்டும்தான் இருக்கிறது, பாட்டி இப்போது இல்லை.

கொஞ்ச நாளாகக் கணினி ஆன் ஆகவே வெகுநேரம் பிடிக்கிறது, நடுவில் அப்படியே நின்றும் விடுகிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் இங்கே கரண்ட் எப்படி வரும், எப்படிப் போகும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் பேக்கப் எடுத்தாக வேண்டும். நாளைக்கு டிஸ்க் போனாலும் புது டிஸ்க்கை மாட்டி, விண்டோஸ், கணக்கு சாஃப்ட்வேர், பிரிண்டர், தமிழ் கீபோர்டு என்று ஒவ்வொன்றாகப் போடாமல் பழையபடியே எல்லாம் வர வேண்டும். 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிவிட்டேன். சி டிரைவ், டி டிரைவ் இரண்டையும் அதில் காப்பி போட்டால் போதுமா? அப்புறம், 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி அதில் திருப்பி ஏற்ற முடியுமா?

குன்னூர்_மூடுபனி:

தம்பி, காப்பி போட்டால் ஃபைல்கள் பிழைக்கும், விண்டோஸ் பிழைக்காது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் ஃபைல்கள் சிலவற்றைப் பூட்டி வைத்திருக்கும், பூட் ஆவதற்கான சின்னப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) ஒன்று மை கம்ப்யூட்டரில் தெரியாமலே தனியாக இருக்கும், இவையெல்லாம் காப்பியில் வராது. நீங்கள் கேட்பது டிஸ்க் இமேஜ், அதாவது விண்டோஸோடு டிஸ்க் முழுவதையும் உள்ளபடியே எடுத்து வைக்கும் நகல்.

ஆனால் இமேஜுக்கு முன்னால், இப்போதே எழுந்து போய் பாட்டியின் பாட்டையும் கணக்கையும் ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி எனக்குப் பிடிக்கவில்லை. இமேஜ் எடுக்கும்போது டிஸ்க் மணிக்கணக்கில் விடாமல் படிக்கப்படும், தேய்ந்துபோன டிஸ்க் அந்த நேரத்தில்தான் கையை விரிக்கும். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் நிலை நீலமா (நலம்) மஞ்சளா (எச்சரிக்கை) சிவப்பா (மோசம்) என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இமேஜுக்கு என் சிபாரிசு குளோன்ஸில்லா, இலவசம். வேறொரு கணினியில் டவுன்லோடு செய்து, ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்ய வேண்டும் (அந்த பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், அதனால் பாட்டு வைத்திருப்பது வேண்டாம், வேறொன்று). விண்டோஸை நிறுத்தும்போது ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும், குளோன்ஸில்லா அந்தப் பார்ட்டிஷனை எடுக்க மறுத்துவிடும். உள்ளே போனதும் டிவைஸ்-இமேஜ், அப்புறம் லோக்கல் டெவ், இமேஜ் வைக்கும் இடமாக எக்ஸ்டர்னல் டிஸ்க், அப்புறம் பிகினர் மோடு, சேவ்டிஸ்க். கறுப்புத் திரையில் எழுத்தாக வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எடுக்கத் தொடங்கும் முன், முடிந்ததும் இமேஜைச் சரிபார்க்கவா என்று கேட்கும், கட்டாயம் ஆம் கொடுங்கள். எக்ஸ்டர்னலில் இருப்பது எதுவும் அழியாது, இமேஜ் ஒரு ஃபோல்டராக உட்காரும், எக்ஸ்டர்னல் மட்டும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபார்மட்) ஆக இருக்கட்டும். காலி இடத்தை விட்டுவிட்டு, நிறைந்த 400 ஜிபியை மட்டும்தான் படிக்கும். யூஎஸ்பி 3 போர்ட் என்றால் நல்ல டிஸ்க்கில் ஒன்றரை, இரண்டு மணி நேரம், பழைய யூஎஸ்பி 2 என்றால் நாலு மணி நேரம்கூட ஆகும், நீல நிறப் போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். நடுவில் கரண்ட் போனால் பழைய டிஸ்க்குக்கு எழுத்தளவில் ஒன்றும் ஆகாது, படிக்க மட்டும்தான் செய்கிறோம். அரைகுறை இமேஜை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

500 ஜிபி எஸ்எஸ்டி வேண்டாம். உங்கள் 400 ஜிபி அதில் அடங்கும் என்றாலும், டிஸ்க்கின் மொத்த அளவு பழையதைவிடச் சின்னதாக இருந்தால் குளோன்ஸில்லா ஏற்றாது. முதலில் பார்ட்டிஷன்களைச் சுருக்கி, எக்ஸ்பர்ட் மோடில் போய் என்னென்னவோ மாற்ற வேண்டும், நோஞ்சான் டிஸ்க்கில் அந்த விளையாட்டே கூடாது. 1 டிபி வாங்குங்கள். கடையில் கிட்டத்தட்ட 1 டிபிதான் என்று 960 ஜிபி எஸ்எஸ்டியை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதுவும் சின்னதுதான்.

லவ்டேல்_வாசி:

குன்னூர் அண்ணா சொல்வது சரிதான், ஆனால் வீட்டில் அப்பாவும் செய்ய வேண்டும் என்றால் கறுப்புத் திரை கஷ்டம். கண்ட்ரோல் பேனலில் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் விண்டோஸ் 7 என்று இன்னமும் இருக்கிறது, அதில் சிஸ்டம் இமேஜ் எடுக்கலாம், விண்டோஸ் ஓடும்போதே எடுத்துவிடும். எக்ஸ்டர்னலில் விண்டோஸ்இமேஜ்பேக்கப் என்று ஒரு ஃபோல்டர் வரும், அதன் பெயரை மாற்றவோ வேறு ஃபோல்டருக்குள் தள்ளவோ கூடாது, மாற்றினால் திருப்பி ஏற்றும்போது இமேஜே இல்லை என்று சொல்லிவிடும். விண்டோஸ் ரிக்கவரி டிரைவ் ஒன்றும் செய்து வைத்துக்கொள்ள வேண்டும், செத்த டிஸ்க்கிலிருந்து ரீஸ்டோர் திரைக்குப் போக முடியாது.

எதில் எடுத்தாலும் ஒருமுறை திருப்பி ஏற்றிப் பாருங்கள். புது எஸ்எஸ்டி வரப்போகிறது, அதிலேயே சோதித்துவிடலாம். ஏற்றிப் பார்க்காத இமேஜை நான் பேக்கப் கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.

குன்னூர்_மூடுபனி:

லவ்டேல்காரர் சொன்ன வழி நல்ல டிஸ்க்குக்கு ஓடும். ஆனால் மைக்ரோசாஃப்ட் அதை மேம்படுத்துவதை 2017-லேயே விட்டுவிட்டது, படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கின் மிகச் சின்னத் துண்டு) ஒன்று குறுக்கே வந்தாலும் நின்றுவிடும். தம்பியின் டிஸ்க்குக்கு அது தோதுப்படாது. ஏற்றிப் பார்க்கச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கோத்தகிரி_கொழுந்து:

பாட்டும் கணக்கும் பென் டிரைவுக்கு வந்துவிட்டன, ரொம்ப நன்றி அண்ணா. பார்த்தேன், மஞ்சளாகத்தான் இருக்கிறது. கரண்ட் பெண்டிங் செக்டர் என்ற வரியில் 8 என்று காட்டுகிறது. விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற டிஸ்க் பழுது பார்க்கும் கருவியை ஓட்டிச் சரிசெய்துவிட்டு இமேஜ் எடுக்கட்டுமா?

குன்னூர்_மூடுபனி:

வேண்டவே வேண்டாம். செக்டிஸ்க் அந்த டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், இப்போது அதில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. 8 என்பது படிக்க முடியாமல் தள்ளி வைத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை, இது சின்ன எண்தான், ஆனால் ஏறத் தொடங்கினால் வேகமாக ஏறும். இனி விண்டோஸில் அந்தக் கணினியை ஓட்டாதீர்கள். குளோன்ஸில்லாவில் பிகினருக்குப் பதில் எக்ஸ்பர்ட் மோடு போய், ரெஸ்க்யூ என்று இருப்பதை ஸ்பேஸ் தட்டித் தேர்ந்தெடுங்கள், கெட்ட செக்டர் வந்தால் அதைத் தாண்டி மேலே படிக்கும். மற்றதைத் தொடாதீர்கள்.

திருப்பி ஏற்றும்போது ரீஸ்டோர்டிஸ்க். இங்கேதான் உயிர் போகிற இடம். எந்த டிஸ்க்கில் எழுதுவது என்று எஸ்டிஏ, எஸ்டிபி எனப் பட்டியல் வரும், பக்கத்திலேயே கொள்ளளவும் கம்பெனி மாடலும் இருக்கும். பெயரை நம்பாமல் மாடலைப் படித்துத் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுத்த டிஸ்க் முழுவதும் அழியும். அழிக்கவா என்று இரண்டு தடவை கேட்பது அதற்காகத்தான். பழைய டிஸ்க்கின் கேபிளை முதலிலேயே கழற்றிவிட்டால் தவறவே வழியில்லை, இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு ஒரே கணினியில் இருந்தால் விண்டோஸும் குழம்பும்.

கொடைக்கானல்_ஷோலா:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மூடுபனி மாதங்களில் எக்ஸ்டர்னலை மேசை மேல் வைத்தால் யூஎஸ்பி முனையில் பச்சை பூக்கிறது, இங்கே நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். இடி இடிக்கும்போது செருகியபடி விடாதீர்கள். பாட்டு மட்டும் இன்னொரு காப்பியாக மேட்டுப்பாளையம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும்.

கோத்தகிரி_கொழுந்து:

1 டிபி எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வருகிறது. அதற்குள் இமேஜ் எடுத்துவிடுகிறேன். விண்டோஸ் 11 போடுவதும் இதோடு சேர்த்துச் செய்யலாமா?

குன்னூர்_மூடுபனி:

சேர்க்காதீர்கள். 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, மாறத்தான் வேண்டும், ஆனால் முதலில் பழையபடி ஓடட்டும், கணக்கு சாஃப்ட்வேர் திறக்கட்டும், பாட்டு முழுவதும் ஓடட்டும். இமேஜ் எடுக்கும்போது பிழை ஏதாவது வந்தால் அந்த வரியை மொபைலில் படம் எடுத்து இங்கே போடுங்கள்.