திரையில்லாத பிளேயரில் கச்சேரி வரிசை மாறி ஒலிக்கிறது: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:

வணக்கம். பார்வை மங்கிவிட்ட என் தந்தைக்காக, திரையில்லாமல் பொத்தான்கள் மட்டுமே உள்ள சிறிய எம்பி3 பிளேயர் ஒன்றை வாங்கினேன். அதற்கெனத் தனி மென்பொருள் கிடையாது. விண்டோஸ் கணினியில் செருகினால் பென் டிரைவைப் போலத் திறக்கும். ஒரு முழுக் கச்சேரியின் கோப்புகளை ‘01 வர்ணம்’ முதல் ‘09 மங்களம்’ வரை எண்ணிட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கடைசிக் கோப்பைப் பிடித்து இழுத்துவிட்டேன். கணினியில் வரிசை சரியாகத் தெரிகிறது. பிளேயரிலோ மங்களம் முதலில் பாடுகிறது. அதன் பிறகுதான் வர்ணம் தொடங்குகிறது. மங்களத்தை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் ஏற்றிய பின்னும் அது முதலிடத்திலேயே இருக்கிறது. பாடலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அவரால் இயலாது என்பதால் வரிசை மிக முக்கியம். வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:

உங்கள் கோப்புகளிலும் பெயர்களிலும் குறை ஏதும் இல்லை. இத்தகைய எளிய பிளேயர்களில் பல, பெயரையோ பாடலுக்குள் பதிந்துள்ள தட எண்ணையோ பார்ப்பதில்லை. ஃபேட்32 என்னும் கோப்பு அமைப்பு முறை (எந்தக் கோப்பு எங்கே உள்ளது எனப் பட்டியலிட்டு வைக்கும் முறை) கொண்ட நினைவகத்தில், கோப்புறையின் பட்டியலில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டிருக்கிறதோ அதையே முதலில் பாடுகின்றன. கணினி அந்தப் பட்டியலைப் பெயர் வாரியாக அடுக்கிக் காட்டுவதால் உண்மையான வரிசை உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. விண்டோஸில் பல கோப்புகளைச் சேர்த்து இழுக்கும்போது, எந்தக் கோப்பின் மேல் சுட்டியை வைத்துப் பிடிக்கிறோமோ அது முதலில் நகலாகும். மங்களம் முந்திக்கொண்டது அதனால்தான்.

அழித்து ஏற்றியும் மாறாததற்குக் காரணம் வேறு. ஃபேட்32 பட்டியலில் ஒரு கோப்பை அழித்தால், அதன் 32 பைட் பதிவுகள் உடனே மறைவதில்லை. ‘அழிக்கப்பட்டது’ என்ற குறி மட்டும் விழுகிறது. புதிதாக வரும் கோப்பு அந்தக் காலியிடத்தில் பொருந்துமானால் பெரும்பாலும் அங்கேயே எழுதப்படும். ஆகவே ஒரே ஒரு பாடலை மாற்றி வரிசையைத் திருத்த முயல்வது வீண்வேலை. பிளேயரை ஃபார்மேட் செய்துவிட்டு (அதிலுள்ள அனைத்தையும் அழித்துப் புதிதாக்கிவிட்டு), ‘01 வர்ணம்’ கோப்பைப் பிடித்து எல்லாவற்றையும் இழுத்துவிடுங்கள்.

மறுமொழி 2:

விளக்கம் மிகச் சரி. ஆனால் ஃபார்மேட் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. பிளேயரில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கினால் அதற்குரிய பட்டியலும் புதிதாகவே தொடங்கும். அதில் பாடல்களை முறையாக ஏற்றிவிட்டுப் பழையதை அழித்தால் போதும். ஏற்கெனவே உள்ள மற்ற பாடல்களுக்கும் ஆபத்து வராது. ஏற்றி முடித்ததும், ‘பாதுகாப்பாக நீக்கு’ என்பதைக் கொடுத்த பிறகே பிளேயரைக் கழற்றுங்கள்; எழுதி முடியாத நிலையில் பிடுங்கினால் பட்டியலே சிதைந்துவிடக்கூடும்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. புதிய கோப்புறை முறையில் வர்ணத்திலிருந்து தில்லானா, மங்களம் வரை ஒழுங்காகப் பாடுகிறது. இன்னும் பல கச்சேரிகளை ஏற்ற வேண்டும். கோப்புறைகளின் வரிசைக்கும் இதே விதிதானா?

மறுமொழி 2:

ஆம், கோப்புறைப் பெயர்களும் மேல்நிலைப் பட்டியலில் அதேபோன்ற பதிவுகள்தாம். எனவே தந்தை முதலில் கேட்க விரும்பும் கச்சேரியை முதலில் ஏற்றுங்கள். பழைய கோப்புறையை அழித்த இடத்தில் பிறகு வரும் கோப்புறை போய் அமர்ந்துகொள்ளும் என்பதால், நிறைய மாற்றங்கள் செய்த பின் வரிசை குழம்பினால், லினக்ஸ் கணினியில் ‘ஃபேட்சார்ட்’ என்ற கட்டளைக் கருவியைப் பயன்படுத்தலாம். பாடல்களை மறுபடி நகலெடுக்காமலேயே பட்டியலைப் பெயர் வரிசைக்கு அது மாற்றி எழுதும். அதை இயக்கும் முன் பிளேயரை அன்மவுண்ட் செய்திருக்க வேண்டும்; அதாவது, செருகியபடியே வைத்து, அதன் கோப்புகளைக் கணினி திறந்து வைத்திராதபடி விடுவிக்க வேண்டும். பாடல்களின் பிரதி கணினியில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் கோப்புகள் இருந்தால் 1, 2 என எழுதாமல், நீங்கள் செய்திருப்பதுபோல் 01, 02 என்றே எண்ணிடுங்கள். இல்லையெனில் 10 என்பது 2-க்கு முன் வந்துவிடும்.