ஈக் ஜனங்க நெசமாவே கல்நெஞ்சக்காரங்களா?

சோத்துமூட்டை: உகாண்டா வடகிழக்கு மூலைல மொருங்கோலே மலைல ஈக்னு ஒரு சின்ன ஜனம், மொத்தமே பத்தாயிரம் சொச்சம் பேர். டர்ன்புல்னு ஒரு மானுடவியல்காரர் 1965 வாக்குல போயி ரெண்டு வருஷம் அங்கயே கெடந்து 1972ல புக்கு போட்டாரு. மூணு வயசானா புள்ளைய வெளிய தள்ளிருவாங்களாம், கெழடுங்க வாய்க்குள்ள இருக்கற சோத்தயும் தோண்டி எடுத்துத் தின்னுவாங்களாம். இதெல்லாம் ஒரு பண்பாடா?

மொட்டமாடி: அண்ணே அவரு போன நேரம் என்ன நேரம்? கொடும் பஞ்சம். அதுக்கு முன்னாடியே 1962ல கிடேப்போ பள்ளத்தாக்க நேஷனல் பார்க் ஆக்கி வேட்டைக்குப் போற எடத்த அடைச்சாச்சு. ரெண்டு பக்கமும் டோடோத், துர்கானான்னு மாடு மேய்க்கிறவங்க, அவங்க கொள்ளைச் சண்டைல மாட்டிக்கிறது இவங்க. சாகக் கெடக்கறவன பாத்து குணம் எழுதுனா எப்படி?

சோத்துமூட்டை: அவரு கண்ணால பாத்தாருப்பா. நீ பாத்தியா?

மொட்டமாடி: நான் பாக்கல, ஹைனேன்னு ஒரு மொழியியல்காரர் பாத்தாரு. 1985ல எழுதுறாரு, டர்ன்புல்லுக்கு வெவரம் சொன்ன முக்கியமான ஆளுங்கள்ல சிலபேரு ஈக்கே இல்லியாம், பாஷையும் அவருக்கு சரியா வரலியாம். வெறும் வேட்டைக்காரங்கன்னு டர்ன்புல் எழுதுனவங்க வெவசாயமும் பண்றவங்க, சோளம் வெதைச்சு, மரத்துல தேனீக்குக் கூடு கட்டி தேன் எடுக்கறவங்க. இதுல உச்சம் என்னன்னா, டர்ன்புல் இவங்கள பத்து பத்து பேரா பிரிச்சு ஊர் ஊரா சிதறடிச்சிரலாம்னு கவர்மெண்டுக்கே யோசனை சொன்னாரு.

காக்காமுள்: குறுக்க வரேன் மன்னிக்கணும். டவுன்செண்ட்னு ஒரு மானுடவியல்காரம்மா இப்ப சமீபத்துல போயி இருந்துட்டு வந்தாங்க. அங்க 'தொமோரா மராங்'னு ஒரு பேச்சு உண்டு, பங்கு போட்டுக்கறது நல்லதுன்னு அர்த்தம். கிஜாவிகான்னு மண்ணோட ஆவிங்க இருக்காம், பகிர்ந்துக்கறவங்களுக்கு அதுங்க நல்லது பண்ணுமாம். காசு குடுத்து பங்கு பிரிக்கச் சொல்லி டெஸ்ட் வச்சப்ப மத்த ஊர்க்காரங்களுக்குக் கொறையாம குடுத்துருக்காங்க.

சோத்துமூட்டை: யாரோ குடுத்த காச பிரிக்கறது பெரிய விஷயமா? வயிறு ஒட்டிக் கெடக்கும்போது குடுக்கட்டும் பாப்போம்.

மொட்டமாடி: அதத்தானண்ணே நான் மொதல்லேர்ந்து கத்திட்டிருக்கேன்! வயிறு ஒட்டிக் கெடந்தப்பதான் உங்க ஆளு போயி நோட்டு எடுத்தாரு 😄

சோத்துமூட்டை: அந்த பத்து பேர் யோசனை எனக்குத் தெரியாது, அது அநியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா வாய்லேர்ந்து புடுங்குனது பொய்னு உங்க ரெண்டு பேர்ல யாரும் இன்னும் சொல்லலியே.