நியூ ஜெர்சியிலிருந்து டெக்ஸாஸுக்கு: மகனின் மெடிகெய்டும் லித்தியமும்

எடிசன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் வேலை மாற்றத்தால் ஜூன் மாதக் கடைசியில் எடிசனை விட்டு டெக்ஸாஸ் பிளேனோவுக்குக் குடிபெயர்கிறோம். அமெரிக்காவிலேயே பிறந்த எங்கள் மகனுக்கு வயது 28. இருமுனைக் கோளாறுக்காக லித்தியமும், இரவில் குளோனசெபாமும் எடுத்துக்கொள்கிறான். பகுதிநேர வேலையில் மாதம் 1,100 டாலர் அளவில் சம்பாதிப்பதால் குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் இருக்கிறான்; நியூ ஜெர்சியில் அதற்குப் பெயர் ஃபேமிலிகேர். அதை டெக்ஸாஸுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? புதிய மருத்துவர் அமையும்வரை மருந்து தடைபடாமல் இருக்க என்ன வழி? இப்போதுதான் அவன் ஒரு நிலைக்கு வந்திருக்கிறான் என்பதால் கவலையாக இருக்கிறது.

காப்பீட்டு ஆலோசகர்:

அம்மா, மெடிகெய்டை மாற்றிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நடத்தும் திட்டம் அது. அதைவிடப் பெரிய சிக்கல், டெக்ஸாஸ் தன் மெடிகெய்டை விரிவுபடுத்தாத மாநிலங்களில் ஒன்று என்பது. குழந்தைகள் இல்லாத, இயலாமைச் சான்று பெறாத ஒருவருக்கு, வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அங்கே மெடிகெய்டு கிடைக்காது. ஹெல்த்கேர்.கவ் என்ற அரசு இணையச் சந்தையில் மானியத்துடன் காப்பீடு வாங்கலாமென்றால், ஆண்டு வருமானம் வறுமைக் கோட்டைத் தொட வேண்டும். 2026ஆம் ஆண்டுக் காப்பீட்டுக்குத் தனிநபருக்கு அந்தக் கோடு 15,650 டாலர். உங்கள் மகனின் இப்போதைய வருமானம் ஆண்டுக்கு 13,200 டாலர்தான். இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுவார். ஜூன்வரை 6,600 டாலர் என்று வைத்தால், அந்தக் கோட்டைத் தொட ஜூலையிலிருந்து மாதம் ஏறத்தாழ 1,510 டாலர் வரக்கூடிய வேலை அமைய வேண்டும். விண்ணப்பத்தில் நியாயமாக எதிர்பார்க்கும் தொகையைத்தான் எழுத வேண்டும், சான்றும் கேட்கலாம். வரிப் படிவத்தில் அவரைச் சார்ந்திருப்பவராகக் காட்டுகிறீர்கள் என்றால் கணக்கே வேறு: உங்கள் குடும்ப வருமானம் முழுவதும் சேரும்.

இடம்பெயர்வதும் மெடிகெய்டை இழப்பதும் சிறப்புப் பதிவுக் காலத்தை, அதாவது வழக்கமான சேர்க்கைக் காலத்துக்கு வெளியேயும் காப்பீட்டில் சேரும் வாய்ப்பை, தருகின்றன. காப்பீடு பொதுவாகத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியில்தான் தொடங்கும் என்பதால், மாதம் முடிவதற்குள் பிளேனோ போய்ச் சேர்ந்து அங்கிருந்தே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூலை இரண்டாம் தேதி தேர்ந்தெடுத்தால் ஆகஸ்ட் வரை காத்திருக்க நேரும். வாடகை ஒப்பந்தமும், ஃபேமிலிகேர் முடியும் தேதியைக் காட்டும் கடிதமும் கையில் இருக்கட்டும்.

டாலஸ் மருந்தாளுநர்:

காப்பீட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள்; மருந்துக்கு வருகிறேன். லித்தியம் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து அல்ல. மருந்துச் சீட்டில் மறுநிரப்பு (அதே சீட்டில் மீண்டும் மருந்து வாங்கும் அனுமதி) மீதமிருந்தால் டெக்ஸாஸ் மருந்தகத்துக்கு மாற்றிவிடலாம். காப்பீடு இல்லாத மாதத்தில் கைக்காசு போட்டு வாங்கினாலும் பொதுப்பெயர் மருந்து கட்டுப்படியாகும். ஆனால் நீடித்து வெளியாகும் வகைக்கும் சாதாரண வகைக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால், குப்பியின் சீட்டில் 'ஈ.ஆர்.' என்று இருக்கிறதா என்று பார்த்து, அதே வகையைத்தான் தருகிறார்கள் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குளோனசெபாம் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் நான்காம் அட்டவணையைச் சேர்ந்தது. எழுதிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் மறுநிரப்ப முடியாது. வேறு மருந்தகத்துக்குப் பொதுவாக ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். இரு மாநிலங்களிலும் கிளையுள்ள சங்கிலி மருந்தகம் என்றால் எளிது. இதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால் கடைசி மாத்திரைவரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: டெக்ஸாஸ் கோடையில் உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும், பெட்டி தூக்கிய முதுகுவலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டாலும் ஏறும். கிளம்பும் முன் இரத்தப் பரிசோதனை செய்து, சிறுநீரக, தைராய்டு முடிவுகளுடன் எடுத்து வாருங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், சாமான் லாரியில் வேண்டாம்.

எடிசன்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. நடுவில் விழும் அந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போதைய மனநல மருத்துவரே காணொளி வழியாகச் சில மாதம் பார்க்க முடியுமா?

காப்பீட்டு ஆலோசகர்:

மகன் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநில உரிமம் மருத்துவருக்கு வேண்டும். டெக்ஸாஸ் உரிமம் உண்டா என்று இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் பிளேனோவில் முதல் சந்திப்புக்கு இன்றே முன்பதிவு செய்யுங்கள், புதிய நோயாளிகளுக்குக் காத்திருப்பு நீளம்.

கூடவே இரண்டு விசாரணைகள். 26 வயதுக்கு முன்பே தொடங்கிய இயலாமைக்காகப் பிள்ளையைத் தொடர்ந்து சேர்த்துக்கொள்ளும் விதி உங்கள் கணவரின் நிறுவனத் திட்டத்தில் உண்டா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். மகனுக்கு எஸ்.எஸ்.ஐ. என்ற, வருமானம் குறைந்த இயலாதோருக்கான மத்திய அரசு உதவித்தொகைக்குத் தகுதி இருக்குமானால் டெக்ஸாஸிலும் மெடிகெய்டு தானாகவே வந்துவிடும். முடிவு வர மாதக்கணக்காகும் என்பதால் இதை மட்டுமே நம்பிக் கிளம்ப வேண்டாம்.