புதுப்பிப்பு: யார்க்‌ஷயரில் டயர் வெடித்த பிறகு

வாடகைக் கார் டயர் வெடித்து, வண்டியில் ஸ்டெப்னியும் இல்லாமல், இங்கிலாந்தின் வடக்கே உள்ள மலைப்பகுதியான யார்க்‌ஷயர் டேல்ஸ் நடுவே நானும் மனைவியும் நின்றதோடு போன பதிவு முடிந்தது. அப்புறம் என்ன ஆச்சு என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் தன் லேண்ட் ரோவரில் எங்களை ஏற்றி டான் ஹில் இன் என்ற விடுதியில் விட்டார். காசு வாங்கவே இல்லை, மகராசன்! 528 மீட்டர் உயரத்தில் இருக்கும் இதுதான் பிரிட்டனிலேயே உயரமான பப். ஜூன் மாதத்திலும் கணப்பு எரிகிறது. வெளியே ஒரே காற்று, கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, வேலியோரம் ஆடுகள். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது 60 பேருக்கு மேல் பனியில் மாட்டி, மூன்று ராத்திரி இங்கேயே தங்கினார்களாம். ஒயேசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பாட்டுகளைப் பாட வந்த குழுவும் அதில் சேர்த்தி.

டயர் மாற்றிக்கொண்டு இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போனோம். தினமும் இரண்டு தடவை கடல் ஏறி தீவுக்குப் போகும் ரோட்டை மூடிவிடும், அதனால் அலை நேர அட்டவணை பார்க்காமல் தயவுசெய்து யாரும் கிளம்பாதீர்கள். மாட்டிக்கொண்டவர்கள் ஏறிக்கொள்ளவே வழியில் உயரமான கால்கள் வைத்து வெள்ளைக் கூண்டு ஒன்று கட்டியிருக்கிறார்கள்.

அடுத்து ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள நாய்டார்ட் தீபகற்பம். அங்குள்ள ஓல்ட் ஃபோர்ஜ் பப்பை 2022இல் ஊர்மக்களே சேர்ந்து வாங்கிவிட்டார்கள். வெளியூரிலிருந்து ரோடு கிடையாது. மல்லெய்க் என்ற துறைமுக ஊரில் படகு ஏற வேண்டும், இல்லையென்றால் மலை வழியே நடைதான். நாங்கள் படகில் போகிறோம்.