கேசட் கேமரா: படம் பட்டை பட்டையாக உடைகிறது, டேப்பைப் படிக்கும் ஹெட்டை எப்படித் துடைப்பது?

சோமனூர் தறிக்காரர்:
வணக்கமுங்க. 2003-ல் அக்கா கல்யாணத்துக்கு மாமா வாங்கி வந்த மினி டிவி கேமரா (சின்ன டிவி அல்ல, டிஜிட்டல் வீடியோ) இன்னும் இருக்கிறது. பீரோவில் இடமில்லாமல் நாலைந்து வருஷமாகத் தறிக்குடோன் அலமாரியில் கிடந்தது. போன வாரம் கல்யாணக் கேசட்டைப் போட்டேன். இணைச்சீர்ச் சடங்கு நடக்கும் இடத்தில் படம் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரிகிறது. ஒரு பட்டை ஓடுகிறது, அடுத்தது உறைந்து நிற்கிறது. அம்மிச்சியின் நெற்றி அசைகிறது, வாய் அசையவில்லை. க்ளீனர் கேசட்டை ஐந்து முறை ஓட்டியும் அப்படியே. மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைக்கலாமா?

கோபி வீடியோக்காரர்:
தம்பி, முதலில் க்ளீனர் கேசட்டை எடுத்து உள்ளே வையுங்க. அது உப்புத்தாள் மாதிரி, ஹெட்டையும் சேர்த்துத் தேய்க்கும். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும், ரீவைண்டும் செய்யக் கூடாது. கல்யாணக் கேசட்டையும் இப்போதைக்குப் போட வேண்டாம்.

ஒன்று விட்டு ஒரு பட்டை உறைகிறது என்றால் பெரும்பாலும் ஒரு ஹெட் மட்டும் அடைத்திருக்கும். டிரம் என்கிற சுழலும் உருளையில் இருக்கும் இரண்டு ஹெட்டும் மாறி மாறி, நம் ஊர் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் ஒரு பிரேமுக்கு 12 தடம் எழுதுகின்றன. அதில் பாதி உங்களுக்கு வரவில்லை. விநாடிக்கு 150 சுற்று சுற்றுகிற டிரம் அது. குடோனில் பறக்கிற பஞ்சு ஒரு இணுக்கு போதாதா?

காது குடைகிற பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம். கவுந்தப்பாடியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி அவசரத்தில் அதில் துடைத்தேன். இழை மாட்டி ஹெட் உடைந்தது. மறுநாள் இரவல் கேமராவில் படம் எடுத்தேன். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்மானமும் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் 99 சதவீத ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கேளுங்கள்.

கேசட் வாயைத் திறந்தபடியே பேட்டரியைக் கழற்றுங்கள். வெள்ளைத்தாளை விரல் அகலம் கிழித்து, ஒரு சொட்டு நனைத்து, டிரம்மின் பக்கத்தில் லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். மறு விரலால் டிரம்மின் மேல்தட்டைத் தொட்டுச் சித்த சுற்றுங்கள். சுற்ற வேண்டியது டிரம்தான், தாள் நகரக் கூடாது. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போயிற்று. கால் மணி நேரம் காயவிட்டு, அப்புறம் வேண்டாத கேசட்டைப் போட்டுப் பாருங்கள்.

பொள்ளாச்சி தோப்புக்காரர்:
கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் சுருளின் ஓரத்தையும் பாருங்க. வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. தோப்பு வீட்டு ஈரத்தில் எங்களுக்கு ஆறு கேசட் அப்படிப் போயிற்று. அதைப் போட்டால் துடைத்த ஹெட் மறுபடி அடைக்கும்.

சோமனூர் தறிக்காரர்:
பொழுதோட உட்கார்ந்து துடைத்தேன் அண்ணா. தாளில் பழுப்பாக ஒரு கோடு, அதன் நுனியில் ஒரு வெள்ளை இழை. எங்கள் தறி நூலேதான்! பூஞ்சை இல்லை. வேண்டாத கேசட் சுத்தமாக ஓடியது. யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றலாமா?

கோபி வீடியோக்காரர்:
பல கேமராக்களில் யூஎஸ்பி வழியாகப் போட்டோதான் நல்லபடி வரும். வீடியோவுக்கு ஃபயர்வயர் என்கிற வேறு வகைக் கேபிள் தேடுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரமே ஆகும், 13 ஜிபி இடம் வேண்டும். ஏற்றி முடித்ததும் கேசட்டை முழுக்க ரீவைண்ட் செய்து நட்டமாக நிறுத்தி வையுங்கள். பீரோவில் ஒரு சேலையை எடுத்துவிட்டாவது கேமராவுக்கு இடம் பண்ணுங்க.